எட்டு வரியிலும் தொண்ணூற்றிரண்டு

பதினாறு வருடம் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் செய்முறை வகுப்பு எடுத்தவள் நான். அந்தப் பதினாறு வருடத்தில் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான். கருவியைப் பார்க்காமல் எழுதிய எண்ணைக் கண்ட மாத்திரத்தில் பிடித்துவிடுவேன். பார்த்து எழுதிய எண்கள் முன்னே பின்னே இருக்கும். பார்க்காமல் எழுதியவை பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகளைப் போல வரிசை பிசகாமல் நிற்கும். அப்படிப்பட்ட நோட்டில் சிவப்பு மையால் 'பார்க்காமல் எழுதப்பட்டது' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பேன். ஒருவனும் எதிர்த்துப் பேசியதில்லை. எனவே என் மூக்கின் மேல் எனக்கு அபார நம்பிக்கை.

கல்லூரியை இழுத்து மூடிய பிறகு செல்வதாஸ் அண்ணனின் ஆலையில் சேர்ந்தேன். அவர் எங்கள் திருச்சபைக்காரர். சவுதியில் ரசாயன ஆலையொன்றில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். கல்ஃபிலிருந்து திரும்பியவர்கள் கல்யாண மண்டபம் கட்டும் ஊரில், இவர் மயிலாடிக்குத் தெற்கே கால்வாய்க் கரையில் தகரக் கொட்டகை போட்டு ஜியோலைட் தயாரிக்கத் தொடங்கினார். ஊர்க்காரர்களுக்கு அது 'பவுடர் கம்பெனி'. முகத்துக்குப் போடுகிற பவுடர் என்று நினைத்து விலை கேட்டு வந்த பெண்களும் உண்டு.

ஜியோலைட்டும் வெள்ளை மாவுதான். ஆனால் ஒவ்வொரு துகளுக்குள்ளும் எண்ணி முடியாத அறைகள். அறைகளில் சோடியம் உட்கார்ந்திருக்கும். சுண்ணாம்பு கலந்த கடினமான தண்ணீர் அதற்குள் நுழைந்தால், சோடியம் எழுந்து இடம் விடும், சுண்ணாம்பு வந்து உட்காரும். சபையின் அசன விருந்தில் ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி உட்காருவது மாதிரி. தண்ணீர் மென்மையாகி வெளியே வரும். கன்னியாகுமரி லாட்ஜுகளில் ஷவர் துளைகள் வெள்ளை பூத்து அடைபடாமல் இருப்பதற்கு இப்படி ஏதாவதொரு மாவுதான் காரணம். எங்கள் மாவை வாங்குகிற தூத்துக்குடிக்காரர்கள் ஒரு கிராம் மாவு முந்நூறு மில்லிகிராம் சுண்ணாம்பையாவது பிடிக்க வேண்டும் என்பார்கள். எங்களுடையது முந்நூற்றுப் பதினொன்று பிடித்தது.

செய்முறை கேட்பதற்கு எளிது. இரண்டு காரக் கரைசல்களைக் கொப்பரையில் கலந்தால் கஞ்சி மாதிரி கெட்டியாகும். அதைச் சுற்றி நீராவி விட்டு, கிளறிக்கொண்டே, தொண்ணூற்றிரண்டு டிகிரியில் நான்கு மணி நேரம் வைக்க வேண்டும். கஞ்சி படிகமாகும். பிறகு வடிகட்டி, காரம் போகும் வரை கழுவி, உலர்த்த வேண்டும். சூடு ஏறிப்போனால் வேறொரு படிகம் பிறந்துவிடும். அதன் வாசல் ஒடுக்கம். சுண்ணாம்பு உள்ளே போக முடியாது.

கொப்பரையைப் பார்த்துக்கொண்டவர் சுயம்புராஜ். ஐம்பது வயது. முந்திரி ஆலையில் பதினேழு வருடம் பாய்லர் பார்த்தவர். அய்யாவழிக்காரர். நெற்றியில் நாமம் இல்லாமல் அவரை நான் கண்டதில்லை, தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதும் இல்லை. கழுவும் பகுதியில் பகவதி. அவளுடைய கதை வேறு. இரண்டு நாக்கு இருந்தாலும் அவளுக்குப் போதாது.

ஆலைக்கு நான் கொண்டுவந்தது ஓர் ஏடு. கொப்பரையில் ஒரு தடவை காய்ச்சி எடுக்கும் மாவு ஒரு தொகுதி; தொகுதிக்கு ஒரு பக்கம். அரைமணிக்கு ஒருமுறை சூடு எத்தனை, கழுவும் தண்ணீர் எங்கிருந்து வந்தது, அதன் கடினம் எவ்வளவு, எல்லாவற்றுக்கும் கட்டம். ஏட்டில் எதையும் அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தவறாக எழுதிவிட்டால் மேலே ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது வாசிக்கும்படி தெரிய வேண்டும். பக்கத்தில் ஒப்பும் தேதியும். இதை நான் விளக்கியபோது செல்வதாஸ் அண்ணன், "பைபிளுக்கு அடுத்தபடி இதாக்கும்" என்றார். கேலிதான். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் மாதத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. இடி விழுந்து, சூட்டைத் தானாகச் சீராக்கும் கருவி கருகிப்போனது. புதியது வரும் வரை சுயம்புராஜ் கையால் வால்வைத் திருப்பி நீராவியைக் கூட்டிக் குறைக்க வேண்டியதாயிற்று. அதே வாரம் அணையை அடைத்தார்கள். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்தால் கால்வாயில் தண்ணீர் நிற்பது வருடாவருடம் உள்ளதுதான். ஆலைக்கு இது முதல் வேனில். கால்வாய்த் தண்ணீரில்தான் அதுவரை மாவைக் கழுவினோம். ஆலையின் போர்வெல் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு.

"நல்ல தண்ணிக்கு எங்க போவ?" என்று செல்வதாஸ் அண்ணன் தலையில் கை வைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல தண்ணீர் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே விலாசம்தான், எங்கள் வீட்டுக் கிணறு. அப்பா வெட்டியது. கண்ணாடி மாதிரி இருக்கும், குடித்தால் நாக்கில் இனிப்பு நிற்கும். குடம் எடுத்து வருகிறவர்களுக்காகவே வாசல் கேட்டை நாங்கள் பூட்டுவதில்லை. சபையின் அசனத்துக்குக் குடிநீர் வருடாவருடம் அங்கிருந்துதான். "டாங்கரை எங்க வீட்டுக்கு அனுப்புங்க அண்ணே, நானாச்சு" என்றேன். தொகுதிக்கு இரண்டு நடை. ஒரு கிலோ மாவுக்கு எண்பது லிட்டர் என்று தாராளமாகக் கழுவினோம்.

முதல் நாளே பகவதி, "டீச்சர், இந்தத் தண்ணியில கைகழுவுனா சோப்பு நொரைக்கவே மாட்டுக்கு கேட்டியளா" என்றாள். ஆலையில் வாங்குகிற சோப்பின் லட்சணம் எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன்.

அந்த மாதம் செய்த மூன்று தொகுதிகளும் தேறவில்லை. முதல் தொகுதி இருநூற்று அறுபத்தெட்டு, அடுத்தது இருநூற்று அறுபத்திரண்டு, மூன்றாவது இருநூற்று எழுபத்தொன்று. ஒன்றும் முந்நூற்றைத் தொடவில்லை. ஏட்டைத் திறந்து பார்த்தேன். பத்தரை முதல் இரண்டு மணி வரை எட்டு வரிகள். முதல் தொகுதியில் எட்டு வரியிலும் 92. இரண்டாவதிலும் 92. மூன்றாவதிலும். பதினாறு வருட மூக்கு உடனே விடைத்துக்கொண்டது.

செல்வதாஸ் அண்ணன் சுயம்புராஜைக் கூப்பிட்டு விட்டார்.

"என்னவே சுயம்பு, உண்ட மயக்கத்துல அசந்துட்டீரா?"

"இல்ல மொதலாளி. கொப்பரைக்க பக்கத்துல நின்னுதான் சோறு தின்னேன்."

"அய்யா மேல சத்தியம் பண்ணும், பாப்போம்."

"சத்தியம் என்னத்துக்கு? பாத்து எழுதிருக்கேன்லா."

நான் குறுக்கிட்டேன். "சுயம்பு அண்ணே, கையால வால்வு திருப்பி எட்டு தடவையும் ஒரே டிகிரியில நிறுத்த யாராலயும் முடியாது."

"நிறுத்துனேன் டீச்சர்."

"எப்பிடி?"

"சத்தம் கேப்பேன். ஆவி கொழாயில போற சத்தம் மாறும்லா, மாறதுக்கு முன்னால ஒரு கால் திருப்பு திருப்புவேன். பாய்லர்ல அப்பிடித்தான்."

நான் சிரித்துவிட்டேன். இதைவிடக் கெட்டிக்காரச் சாக்குகளையெல்லாம் கேட்டவள் நான். ஏட்டை எடுத்து, முதல் தொகுதியின் பக்கத்தில் அந்த எட்டு வரிகளுக்கும் குறுக்கே, சிவப்பு மையில், பழக்கமான கையெழுத்தில் எழுதினேன்: 'பார்க்காமல் எழுதப்பட்டது.' அடியில் ஒப்பு.

சுயம்புராஜ் குனிந்து அதை இரண்டு முறை வாசித்தார். தோளில் கிடந்த துணியை எடுத்துக் கொப்பரையின் விளிம்பைத் துடைத்தார், துணியை மடித்து வைத்தார், தூக்குவாளியை எடுத்துக்கொண்டார். "கொஞ்ச நாள் வீட்டுல இரும், பொறவு பாப்போம்" என்று செல்வதாஸ் அண்ணன் சொன்னது அவர் முதுகுக்குத்தான் கேட்டிருக்கும்.

அடுத்த வாரம் பகவதி சொல்லித்தான் தெரிந்தது. அவர் பழைய முந்திரி ஆலைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். ஏட்டுச் சேதி அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்களாம். "தூங்குத ஆளை பாய்லர்ல எப்பிடிடே நிறுத்த? வெடிச்சா யாரு பதில் சொல்லுவா?" பாய்லர்காரனுக்குப் படிப்பு, சான்றிதழ் எல்லாம் இரண்டாவதுதான், கண் மூடமாட்டான் என்ற பேர்தான் முதல். அந்தப் பேரை நான் ஒரு வரியில் எடுத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. ஒழுங்காகப் பார்த்திருந்தால் இந்தக் கதி வருமா என்றுதான் தோன்றியது. இதை மறைத்து என்ன செய்ய?

ஒரு நடைமுறைக்காக மூன்று மாதிரிகளையும் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தேன். அவர்கள் எக்ஸ்ரே கதிர் விட்டுப் படிகத்தின் வகை சொல்வார்கள். சூடு ஏறி வேறு படிகம் பிறந்திருக்கிறது என்று எழுதி வரும், கோப்பில் வைத்துவிடலாம் என்பது என் எண்ணம். ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அறிக்கை வந்தது. மூன்றும் தூய படிகம். வேறு வகை ஒரு துளியும் இல்லை. இவ்வளவு சீராக வளர்ந்த படிகம் எங்கள் ஆலையிலிருந்து முன்பு வந்ததில்லை என்று பழைய அறிக்கையோடு ஒப்பிட்டு ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்கள். கீழே இன்னொரு வரி: மாதிரிகளில் ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

அறிக்கையை மூன்று முறை வாசித்தேன். மாவில் கோளாறில்லை. எங்களிடமிருந்து போவதற்கு முன்பே பந்தி நிரம்பியிருக்கிறது, அவ்வளவுதான். யார் கொண்டுவந்து உட்காரவைத்தது? மூலப்பொருள்களை அன்று மாலைக்குள் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எதிலும் சுண்ணாம்பு இல்லை. அப்போதுகூட எனக்கு வெளிச்சம் வரவில்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

மறுநாள் சபையில் அசனத்துக்கான ஏற்பாடு. பந்தலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து டாங்கர் வந்து நின்றது. தலைமைச் சமையல்காரர் கோலப்பன், வருடாவருடம் வருகிறவர், கரண்டியை உயர்த்திப் பிடித்துக் கத்தினார்.

"டீச்சர் வீட்டுத் தண்ணி குடிக்கதுக்கு! சாம்பார் அண்டாவுக்குப் பைப்புத் தண்ணி பிடிங்கல! எவனாவது மாத்தி ஊத்துனான், கொன்னுருவேன்!"

இதை நான் சின்ன வயது முதல் ஒவ்வொரு அசனத்திலும் கேட்டிருக்கிறேன். சாமிகாரியத்துக்கு ஏதோ முறை என்று நினைத்திருப்பேன் போல. நினைத்தேனா என்பதே சந்தேகம். அன்று கேட்டேன்.

"ஏன் கோலப்பண்ணே, எங்க தண்ணிக்கு என்ன?"

"குடிக்கதுக்கு அமிர்தமாக்கும், யாரு இல்லண்ணா? ஆனா பருப்பு வேவாது டீச்சர். மூணு மணி நேரம் கொதிச்சாலும் கல்லு மாதிரி கெடக்கும். உங்க வீட்டுல பருப்புக்கு எந்தத் தண்ணி எடுக்காவ?"

பைப்புத் தண்ணீர். நான் பிறந்தது முதல் பைப்புத் தண்ணீர்.

ஒரு பாட்டிலில் டாங்கர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஆலைக்குப் போனேன். கடினம் பார்ப்பது பத்து நிமிட வேலை. சிவந்த தண்ணீர் நீலமாகும் வரை சொட்டுச் சொட்டாக மருந்து விட வேண்டும். கால்வாய்த் தண்ணீர் சட்டென்று நீலமாகிவிடும். இது ஆகவில்லை. விட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் கணக்குப் போட்டால் லிட்டருக்கு ஐந்நூற்று நாற்பது மில்லிகிராம் சுண்ணாம்பு. அப்பா வெட்டிய கிணற்றின் இனிப்பு அதுதான்.

கிலோவுக்கு எண்பது லிட்டர். கிராமுக்கு நாற்பத்து மூன்று மில்லிகிராம். முந்நூற்றுப் பதினொன்றில் நாற்பத்து மூன்று போனால் இருநூற்று அறுபத்தெட்டு. முதல் தொகுதியின் எண் அதேதான், ஒன்றுகூட முன்னே பின்னே இல்லை. இவ்வளவு பொருத்தமாக விடை கொண்டுவந்த மாணவனாக இருந்தால் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பேன்.

ஏட்டைத் திறந்தேன். அந்தப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் தண்ணீரின் கட்டங்கள். எங்கிருந்து: 'எங்கள் வீட்டுக் கிணறு.' கடினம்: 'நல்ல தண்ணீர்.' எண் எழுத வேண்டிய இடத்தில் நல்ல தண்ணீர். என் கையெழுத்து. மேலே சுயம்புராஜின் எட்டு எண்கள், அவற்றின் குறுக்கே என் சிவப்பு மை. பக்கம் முழுவதிலும் பார்க்காமல் எழுதியது ஒன்றே ஒன்றுதான். அதை எழுதியவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

செல்வதாஸ் அண்ணனிடம் எதையும் விடாமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சரி போட்டு, நடந்தது நடந்தாச்சு. மாவை மீட்டுரலாம்லா?" என்றார்.

மீட்கலாம். அதற்கு வழி உண்டு. அடர்த்தியான உப்புக் கரைசலில் ஊறவைத்தால் சோடியம் கூட்டமாக வந்து சுண்ணாம்பை எழுப்பிவிடும். உப்பளத்திலிருந்து உப்பு வாங்கி, இந்த முறை அதையும் சோதித்து, சுண்ணாம்பு கலந்த உப்பை ஒதுக்கி, நல்லதைக் கரைத்து மாவை ஊறவைத்தோம். பைப்புத் தண்ணீரைச் சோதித்து எண் எழுதிவிட்டு அலசினோம். பகவதி கைகழுவிக் காட்டினாள், "பாருங்க டீச்சர், நொரை!" மூன்று தொகுதிகளும் முந்நூற்றைத் தாண்டின. தூத்துக்குடியில் எடுத்துக்கொண்டார்கள்.

"சுயம்புக்கு ஆளனுப்பினா வந்துருவாரு" என்றார் செல்வதாஸ் அண்ணன்.

நானே போனேன், ஏட்டையும் எடுத்துக்கொண்டு. மயிலாடியில் ஒரு சிற்பக்கூடத்தில் இருந்தார். கல் அறுக்கிற சக்கரத்தின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. உடம்பெல்லாம் கல்தூசி. அந்த வெள்ளையிலும் நாமம் தனியாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் சக்கரத்தை நிறுத்தச் சொல்லி, கைகழுவிவிட்டு வந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கிணறு, கோலப்பன், அறிக்கை. "தப்பு எனக்க பேர்ல அண்ணே. மன்னிக்கணும்" என்றேன்.

"உங்க கெணறா?" என்று கேட்டார். "நானும் அதுல தண்ணி கோரிக் குடிச்சிருக்கேன். நல்ல தண்ணியாச்சே."

ஏட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "இந்தத் தாளைக் கிழிச்சிருதேன் அண்ணே. யாரும் பாக்காண்டாம்." விதியைக் கொண்டுவந்தவள் நான்; மீறுகிற உரிமையும் எனக்குத்தான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தேன். தாளின் மூலையைப் பிடித்தும்விட்டேன்.

அவர் ஈரக் கையைத் தாளின் மேல் வைத்தார்.

"கிழிக்காதிய. அதுலல்லா நான் எழுதுன தொண்ணூத்திரெண்டு கெடக்கு."

நான் கையை எடுத்தேன். பிறகு பேனாவைத் திறந்து என் சிவப்பு வரியின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் ஒப்பு, தேதி. கீழே 'நல்ல தண்ணீர்' என்பதன் மேலும் ஒரு கோடு, பக்கத்தில் 540. ஒப்பு, தேதி. ஏட்டை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் குனிந்து, அன்று போலவே இரண்டு முறை வாசித்தார்.

"கோட்டுக்கு அடியில இன்னும் வாசிக்க முடியுது டீச்சர்."

"முடியும் அண்ணே. விதி அப்பிடி."

"செரி" என்றார். "கெடக்கட்டும்."

"திங்கக்கிழமை வருவியளா?"

அவர் சக்கரத்தைப் பார்த்தார். "முந்திரி ஆலையிலயும் போய்ச் சொல்லுங்க டீச்சர். அங்கயும் ஒரு ஏடு உண்டு, மனசுல எழுதிவச்சிருக்காவ. உங்களுக்க கம்பெனிக்கு வரல. சண்டை ஒண்ணும் இல்ல. இனி ஒவ்வொரு தடவை எழுதும்போதும், தொண்ணூத்தொண்ணுண்ணு ஒண்ணை மாத்திப் போட்டாத்தான் நம்புவாவளோண்ணு தோணும். அந்த நெனப்போட வால்வு திருப்ப முடியாது. சத்தம் கேக்காது." கும்பிட்டார். "அய்யா உண்டு. போய்ட்டு வாங்க."

முந்திரி ஆலைக்கு அன்றே போய்ச் சொன்னேன். ஜூனில் அவரைப் பாய்லருக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று பகவதி சொன்னாள்.

ஜூனில் கால்வாயிலும் தண்ணீர் வந்துவிட்டது. புதிய கருவி மட்டும் இன்னும் வரவில்லை. சுயம்புராஜின் இடத்தில் இப்போது வால்வைத் திருப்புவது நான்தான். காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்; எனக்கு எல்லா நேரமும் ஒரே சத்தம்தான் கேட்கிறது. மாவு தேறுகிறது, ஆனால் பழைய படிகம் மாதிரி வருவதில்லை. அரைமணிக்கு ஒருமுறை பார்த்து எழுதுகிறேன். நேற்றைய எட்டு வரிகள்: 88, 95, 91, 97, 90, 86, 94, 93. எந்த வாத்தியார் பார்த்தாலும் சந்தேகப்படமாட்டார்.